நாலு விரல் மண்ணெண்ணெய்

போன மாதம் ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். தானம் இல்லை. அடிக்கடி தலை சுற்றுகிறதென்று மகள் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த பெண் என் விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தி, துடைப்பக் குச்சியை விட ஒல்லியான ஒரு கண்ணாடிக் குழாயை அந்த ரத்தப் பொட்டில் தொட்டாள். உறிஞ்சவில்லை, அழுத்தவில்லை, சும்மா தொட்டதுதான். ரத்தம் விறுவிறுவென்று மேலே ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நுண்புழை" என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "என்னம்மா சொன்னீங்க?"

"இந்தக் குழாயிக்குப் பேரு. நுண்புழை. ரொம்பப் பொடி ஓட்டைனு அர்த்தம். ஓட்டை பொடியா இருந்தா தண்ணி தானாவே ஏறிக்கிரும், யாரும் தூக்கிவிட வேணாம்."

"நாங்க கேப்பிலரினு சொல்லுவோம்மா. டீச்சரா இருந்தீங்களா?"

பக்கத்தில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனேன். எழுத்து மட்டும் என்னோடு வீட்டுக்கு வரவில்லை. பஸ் எங்கே போகிறதென்று இன்றைக்கும் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுத்தான் ஏறுகிறேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். கொஞ்சம் தலைசீவி, பவுடர் போட்டுத்தான் எழுதுவாள். அது அவள் பாடு.

என்னிடம் இருக்கிற ஒரே பெரிய வார்த்தை அந்த நுண்புழைதான். அது எங்கள் வீட்டுக்குள் வந்த கதையை நம் கூட்டத்துக்குச் சொல்லவேண்டுமென்று நெடுநாளாக ஆசை. பள்ளிக்கூட வாசலில் பேரப்பிள்ளைகளுக்காக என்னோடு கால் கடுக்க நிற்கிறீர்களே, உங்களில் பாதிப் பேர் என் வயதுதான். தொண்ணூறுகளில் பாவாடை கட்டியவர்கள். ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின்னை வைத்துவிட்டு, டின்னுக்குக் காவலாக ஒரு கல்லையும் வைத்துவிட்டு விளையாடப் போனவர்கள். ஆகையால் டின் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டாம்.

எங்கள் வீடு அவனியாபுரத்தில், பட்டறைகள் இருக்கிற தெருவுக்குப் பின்புறம். அப்பாவுக்கு லேத்துப் பட்டறையில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, டெம்போ ஓட்டினார். காலையில் ஆண்கள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் வீட்டில் அம்மா, சித்தி, நான். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது அம்மா பேச்சை நிறுத்துவாள். அது போனதும், எந்த எழுத்தில் நிறுத்தினாளோ அதே எழுத்திலிருந்து பிடிப்பாள். திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் விமானம் வந்தால் நான் தப்பித்து ஓடிவிடலாம் என்று பார்ப்பேன். நடக்காது. அம்மா திட்டைக் கையில் பிடித்துக்கொண்டே காத்திருப்பாள்.

கொல்லையில் ஒரு தகரச் சாய்ப்பு. அதில் விறகு, ஓட்டை வாளி, கோழிக்கூடு. மூலையில் மணலில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல்தான் மண்ணெண்ணெய் டின். ஐந்து லிட்டர் டின், மேலே சின்னக் கழுத்து, கழுத்துக்கு ஒரு தகர மூடி. அந்த மூடி கனமாக, வழுவழுவென்று இருக்கும். பாண்டி விளையாட அதைப் போல ஒரு சில்லு இந்த உலகத்தில் கிடையாது. வீசினால் கட்டத்துக்குள் போய் அப்படியே படுத்துக்கொள்ளும். ஒரு நாள் படுக்கவில்லை. உருண்டு வாறுகால் சாக்கடையில் விழுந்தது. குச்சியை விட்டுக் கிண்டினேன், கறுப்புச் சேறுதான் வந்தது.

நான் பயந்தாங்கொள்ளிதான், ஆனால் விவரமானவள். அப்பாவின் பழைய பச்சைக் கட்டம் போட்ட கைலியில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, குச்சியால் குத்திக் குத்திக் கழுத்தில் அடைத்துவிட்டேன். உள்ளே பாதி, வெளியே பாதி. வெளியே தொங்கிய வால் சுவர்ப் பக்கமாகப் போய்ச் சாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிச்சத் துணியில் என் பொம்மைக்கு ஒரு சேலை ஆயிற்று.

மறுநாள் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "மூடிய ரேஷன் கடையிலயே விட்டுட்டு வந்து, துணிய வச்சு அடைச்சுவச்சிருக்கீங்களா? கேட்டா சொல்லமாட்டீங்களோ?" அப்பா யோசித்தார். தான் செய்யாத தப்பையும் செய்திருப்போமோ என்று யோசிக்கிற ஜாதி அவர். "இருக்கும்" என்றார். முடிந்தது.

இப்போது சித்தியைச் சொல்லவேண்டும். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துப் பெண். பன்னிரண்டாவது வரை அறிவியல் படித்தவள். மேலே படிக்க ஆசைப்பட்டவளை இழுத்து மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீர் பாத்திரங்களோடு ஒரு மஞ்சள் பையும் வந்தது. அதற்குள் பள்ளிப் புத்தகங்கள். சத்தம் போட்டுப் பேசமாட்டாள். மத்தியானம் கொல்லைப் படியில் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அம்மாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. தன் தங்கையைச் சித்தப்பாவுக்குக் கட்டி, அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். ஜாதகம் சேரவில்லை. சித்தப்பா ஒரு கல்யாணத்துக்கு வண்டி ஓட்டிப் போன இடத்தில் சித்தியைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று நின்றார். இது சித்திக்கும் தெரியும். தெரிகிற மாதிரிதான் அம்மா பேசுவாள். என் தங்கச்சி இருந்திருந்தா இந்நேரம் மாவாட்டி முடிச்சிருப்பா, இப்படி.

மூடி போன அடுத்த மாதத்திலிருந்து எண்ணெய் குறைய ஆரம்பித்தது.

டின்னுக்குள் கண்ணுக்குத் தெரியாதல்லவா? அம்மா துணியை இழுத்துவிட்டு, ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறதோ அங்கே நகத்தால் கீறி வைப்பாள். பார்த்துவிட்டுத் துணியை முன்னே இருந்த மாதிரியே திணித்து, வாலைப் பின்பக்கம் தள்ளிவிடுவாள். வீட்டில் எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கவேண்டும் அவளுக்கு. ரேஷன் எண்ணெய் ஊற்றிய அன்று கழுத்துக்கு ஒட்டி நிற்கும். ஸ்டவ்வில் ஊற்றாமலே மூன்று நாள், நான்கு நாளில் நாலு விரல் இறங்கிவிடும். அதற்குப் பிறகு, ஊற்றினால்தான் குறையும். தானாக ஒரு சொட்டு குறையாது.

முதலில் ரேஷன் கடைக்காரர் மீது சந்தேகம். நுரையாக ஊற்றுகிறாரோ? பிறகு எலி. எலி எண்ணெய் குடிக்குமா என்று அப்பா கேட்டார். பிறகு சித்தப்பா, டெம்போ துடைக்க எடுக்கிறாரோ? அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கடைசியில் சந்தேகம் நடந்து நடந்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"நாலு விரலோட நிறுத்திக்கிறா பாத்தீங்களா?" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். "அதுக்கு மேல எடுத்தா தெரிஞ்சுபோகும்னு கணக்கு. படிச்ச புத்தி."

"எதுக்கு எடுக்குது அது?"

"சோழவந்தானுக்குப் போகும். எதுக்காம்!"

சித்தி தாய்வீடு போய்விட்டு வந்தால் அம்மா ஓடிப்போய்ப் பையை வாங்குவாள். "குடு ஆத்தா, அசதியா வந்திருக்க, நான் எடுத்து வைக்கிறேன்." சித்தி உள்ளே போனதும் பைக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பாள். ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு. கொடிக்கால் வாசம்தான் ஆளைத் தூக்கும். வேறு வாசமே இல்லை. இல்லையென்றால் சந்தேகம் போகவேண்டும் அல்லவா? "வெத்தலைய மேல வச்சு வாசத்த அமுக்கிருக்கா" என்றாள் அம்மா. கிடைத்தால் திருடி. கிடைக்காவிட்டால் கெட்டிக்காரத் திருடி.

அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு வெல்லக்கட்டியைக் கையில் வைத்து அம்மா சொன்னாள்: "சித்தி என்ன செய்றா, எங்க போறா, எல்லாம் எங்கிட்ட வந்து சொல்லணும். அவளுக்குத் தெரியக்கூடாது."

எனக்கு வானத்தில் பறக்கிற சந்தோஷம். ஒன்பது வயதில் யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு உத்தியோகம்? கோழிக்கூட்டுக்குப் பின்னால், கதவிடுக்கில், துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் என்று எங்கும் நான்தான். சாயங்காலம் போய் ஒப்பிப்பேன். "சித்தி புஸ்தகம் பாத்துச்சு. சித்தி துணி காயப்போட்டுச்சு. சித்தி வேப்பமரத்தப் பாத்துச்சு."

"எம்புட்டு நேரம் பாத்தா?"

"ரொம்ப நேரம்."

"அழுதாளா?"

"மூக்க ஒறிஞ்சுச்சு."

சளி பிடித்திருந்தது சித்திக்கு. அதை நான் சொல்லவில்லை. சளிக்கு யாராவது வெல்லம் கொடுப்பார்களா?

எதிர்வீட்டு அத்தை ஒருத்தி இருந்தாள். தந்திப் பேப்பர் வாங்குகிற வீடு. படித்ததை நாலு வீட்டுக்குச் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அம்மா அவளிடம் எண்ணெய் விஷயத்தைச் சொன்னபோது நான் பக்கத்தில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். அத்தை குரலைத் தாழ்த்தினாள். குரலைத் தாழ்த்தினால் பிள்ளைகளுக்குக் காது கூர்மையாகும் என்பது பெரியவர்களுக்கு எப்போதுமே தெரிவதில்லை.

"மதினி, நீங்க திருட்டுன்னு நெனைக்கிறீக. எனக்கு வேற மாதிரி படுது. புதுசா வந்த புள்ள. மொகத்துல சிரிப்பில்ல. மரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. கொஞ்சங்கொஞ்சமா எண்ணெய எடுத்து எங்கிட்டோ சேத்து வைக்குது. எதுக்கு?"

அம்மா வெளிறிப்போனாள்.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுனா போலீஸு மொதல்ல ஒங்களத்தேன் இழுப்பான். ஓரகத்தி கொடுமைனு போடுவான் பேப்பர்ல."

அன்றிலிருந்து அம்மாவின் சந்தேகம் வேறு சட்டை போட்டுக்கொண்டது. முன்பு பைகளை மோந்தவள், இப்போது சித்தியின் சேலையையே மோந்தாள். குளியலறைக் கதவின் உள்கொண்டியை, துருப்பிடித்துவிட்டதென்று சொல்லி, அப்பாவின் திருப்புளியால் கழற்றி எடுத்துவிட்டாள். சித்தி குளிக்கப் போனால் வெளியே நின்று, "ஏத்தா, தண்ணி போதுமா? ஏத்தா, சோப்பு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் வர நேரமானால் கதவைத் தள்ளிவிடுவாள். பாவம் சித்தி, பாதி சோப்போடு நிற்பாள்.

இன்று யோசித்தால், அம்மாவுக்கு அவள் மேல் அக்கறையா, போலீஸ் பயமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே நூலில் முறுக்கியிருந்தது.

ஆனால் சித்திக்கும் கண் இருந்தது, மூளை இருந்தது. கொண்டி கழன்றது தெரிந்தது. தன் சேலையை யாரோ தொட்டு மடித்திருப்பது தெரிந்தது. அம்மா யாருமில்லாத நேரம் சாய்ப்புக்குள் போய் டின்னுக்குள் குச்சி விட்டு அளப்பதையும் அவள் பார்த்துவிட்டாள். எதிர்வீட்டு அத்தையோடு குசுகுசு என்று பேசி, தான் போனால் நிறுத்துவதும் தெரிந்தது. அந்தக் காலத்துப் பேப்பர் உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி. வாரத்துக்கு ஒன்றாவது வரும். பலசரக்குக் கடையில் பருப்பு மடித்துக் கொடுக்கிற தாளிலும் அதுதான் இருக்கும். சித்தி மடித்த தாளைப் பிரித்துப் படிக்கிற பழக்கமுள்ளவள்.

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஆரஞ்சு மிட்டாய் இரண்டு கொடுத்தாள். "ஒங்கம்மா மண்ணெண்ணெய எங்கயாச்சும் தனியா எடுத்து வச்சிருக்காங்களா? நீ பாத்தியா?"

"இல்லையே."

"ஒங்க தங்கச்சி சித்தி, அதான் ஒங்கம்மாவோட தங்கச்சி, அது இங்க வரப்போகுதுனு யாராச்சும் பேசுனாங்களா?"

"பொங்கலுக்கு வரும்."

சித்தியின் முகம் எப்படியோ ஆயிற்று. எனக்குக் காரணம் புரியவில்லை. பொங்கலுக்கு எல்லோரும்தானே வருவார்கள்? ஜல்லிக்கட்டு பார்க்க எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு யார் யாரோ வருவார்கள். ஆனால் மிட்டாய் நன்றாயிருந்தது. "பாத்துச் சொல்றேன் சித்தி" என்றேன். இப்படியாக நான் இரண்டு பக்கமும் சம்பளம் வாங்குகிற உளவாளி ஆனேன். வெல்லம் ஒரு கையில், ஆரஞ்சு மிட்டாய் ஒரு கையில்.

அதற்குப் பிறகு சித்தி ஸ்டவ் பக்கத்தில் போகாமல் இருக்கக் காரணம் தேடினாள். "கை சுட்டுருச்சுக்கா, நீங்களே தாளிச்சிருங்க." சட்டென்று தீப்பிடிக்கிற நைலக்ஸ் சேலைகளை எல்லாம் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நூல் சேலையை மட்டும் துவைத்துத் துவைத்துக் கட்டினாள். அம்மா அடுப்படியில் தன் முதுகுக்குப் பின்னால் வந்தால் சட்டென்று திரும்பி, சுவரில் சாய்ந்து நிற்பாள். அம்மா அதைப் பார்த்து, இவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தாள். இவள் நினைப்பதை அவள் கண்டுகொண்டு, அவள் கண்டதை இவள் கண்டுகொண்டு, அந்தச் சின்ன அடுப்படியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். சோறு மட்டும் எப்படியோ வெந்தது.

அந்த மாதத்து எண்ணெய் ஊற்றி இரண்டாம் நாள். வெள்ளிக்கிழமையாக இருக்கவேண்டும், அம்மா தலைக்குக் குளித்திருந்தாள். சித்தி மஞ்சள் பையில் புத்தகங்களையும் இரண்டு சேலையையும் வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய் ஒப்பித்தேன். அம்மா முடியைக்கூட முடியாமல் வந்து வாசலை மறித்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்க வீட்டுக்குப் போறேன்க்கா."

"தம்பி கிட்டச் சொன்னியா?"

"போயிட்டுச் சொல்லிக்கிறேன்."

"போனா எப்ப வருவ?"

கொடியில் ஒரு ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கச் சித்தி கொல்லைக்குப் போனாள். அம்மா பின்னாலேயே போனாள். நான் அம்மாவின் பின்னால். ரவிக்கையை உருவியபோது அது கை நழுவிச் சாய்ப்புக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்த சித்தி, குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

பச்சைக் கட்டம் போட்ட துணியின் வால் நுனியில் ஒரு சொட்டு. கண்ணாடி மணி மாதிரி உருண்டு, பெருத்து, சாக்கில் விழுந்தது. அடுத்த சொட்டு பிறந்தது.

சித்தி சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். விரலை மோந்தாள். சாக்கின் நுனியைத் தூக்கினாள், கீழே மணல் கறுத்துச் சொதசொதவென்று இருந்தது. சாய்ப்பில் எப்போதும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். டின் இருக்கிற இடம் அப்படித்தான் அடிக்கும் என்று யாரும் யோசித்ததில்லை.

"அக்கா, இங்க வாங்க. ஒங்க திருடனப் பாருங்க."

அம்மா பார்த்தாள். நம்பவில்லை. "டின்னு ஓட்டையா?"

"டின்னு ஓட்டையில்ல. துணிதான். உள்ள கெடக்குற எண்ணெயில நனைஞ்சு, மேல ஏறி, கழுத்தத் தாண்டி, இந்தப் பக்கம் எறங்குது."

"எண்ணெ எப்புடி மேல ஏறும்? மேடேறுதாம்ல எண்ணெ! யார்கிட்ட கத விடுற?"

சித்தி உள்ளே போய் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். ஒன்றில் தலை தட்டத் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் வைத்தாள். காலி டம்ளரை வாளிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். கிழிந்த வேட்டித் துண்டு ஒன்றைத் திரித்து, ஒரு நுனியைத் தண்ணீருக்குள்ளும் மறு நுனியைக் கீழ் டம்ளருக்குள்ளும் விட்டாள். "கை வைக்க வேணாம். உக்காந்து பாருங்க."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். துணியில் ஈரம் ஏறுவது தெரிந்தது, எறும்பு ஊருகிற வேகத்தில். ஒரு விமானம் வந்து போயிற்று. அம்மா டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சித்தி வாயால் ஊதிவிடுவாளோ என்கிற மாதிரி அவ்வப்போது அவள் வாயை மட்டும் பார்த்தாள். ஈரம் விளிம்பைத் தாண்டியது, இறங்கியது. கீழ் டம்ளரில் 'டிக்' என்று ஒரு சொட்டு.

"இதுக்குப் பேரு நுண்புழை ஏற்றம்" என்றாள் சித்தி. "நுண்ணுனா ரொம்பப் பொடிசு. புழைனா ஓட்டை. நூலுக்கும் நூலுக்கும் நடுவுல நம்ம கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. பொடி ஓட்டையில தண்ணி ஒட்டிக்கிட்டுத் தானா ஏறும். தினம் ஸ்டவ்வுக்குத் திரி வெட்டி விடுறீங்களேக்கா, கீழ கெடக்குற எண்ணெய யாரு மேல தூக்கி விடுறா? மழைக்குச் சுவருல ஓதம் ஏறுதே, யாரு ஏத்துறா? நம்ம ஒடம்புல ரத்தம் ஓடுற கடைசிக் குழாயும் அம்புட்டுப் பொடிசு, முடிய விட. அதுக்குத் தந்துகினு பேரு."

எனக்கு அப்போதே அந்த வார்த்தை பிடித்துவிட்டது. நுண்புழை, நுண்புழை என்று வாய்க்குள் உருட்டினேன், ஆரஞ்சு மிட்டாய் மாதிரி.

"அப்ப ஏன் நாலு விரலோட நிக்குது?" அம்மா விடவில்லை.

"ஏறுறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல? எண்ணெய் கீழ போகப் போக, துணி அம்புட்டு ஒசரம் இழுக்க முடியாது. நின்னுரும்."

அம்மா அப்படியே அவளைப் பார்த்தாள். நான், இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை.

"அப்ப இதத்தான் செஞ்சியா நீ? கையே வைக்காம எண்ணெய எறக்குற வித்தை! படிச்சிட்டு வந்து எங்கிட்டயே காட்டுறியா?"

சித்தி எழுந்தாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நான் எறக்கி என்னக்கா பண்ணப்போறேன்? நீங்கதான் சேத்து வைக்கிறீங்கன்னு நெனச்சேன்! என் மேல ஊத்துறதுக்கு! என்னைய முடிச்சிட்டு ஒங்க தங்கச்சியக் கொண்டாந்து வைக்கிறதுக்கு! அதுக்குத்தான கொண்டியக் கழட்டுனீங்க?"

அம்மா விறகுக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அடிப் பாவி" என்றாள், மெதுவாக. "நீ ஒன்னையவே ஏதாச்சும் பண்ணிக்கிருவனு பயந்துதேன்டி கழட்டுனேன். பதினஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"நானா? நான் ஏன்க்கா?"

"மரத்தையே பாத்துக்கிட்டு அழுதியே."

"மரத்துல காக்கா கூடு கட்டுது. அதப் பாத்தேன். எனக்குச் சளி."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் பாவாடை நாடாவை முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரிப்பு என்று ஆரம்பித்தது அழுகையில் போய் நின்றது, இரண்டு பேருக்குமே. சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்று பார்க்க எதிர்வீட்டு அத்தை எங்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். அம்மா இருந்த இடத்திலிருந்தே, "ஒண்ணுமில்ல மதினி, போய் ஒங்க பேப்பரப் படிங்க!" என்று கத்தினாள்.

"மூடி எங்கக்கா போச்சு?" என்று சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதா? இந்த மனுசன் கடையில விட்டுட்டு வந்துட்டாரு."

சித்தி பச்சைக் கட்டத் துணியை இழுத்து எடுத்தாள். பிழிந்தாள். அவள் பார்வை மெல்ல நகர்ந்து, படியில் கிடந்த என் பொம்மையின் மேல் வந்து நின்றது. பச்சைக் கட்டச் சேலை கட்டிய பொம்மை. பிறகு என்னைப் பார்த்தாள். அவள் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். "பெரிய மச்சானுக்கு மறதிதான்" என்றாள். அவ்வளவுதான். அப்பா காலமாகும்வரை அந்தப் பழி அவர் மேலேயே இருந்தது, நானும் இறக்கிவைக்கவில்லை. இதை எழுதுகிற மகளே இப்போது நிமிர்ந்து என்னை முறைக்கிறாள்.

மஞ்சள் பை திரும்ப உள்ளே போயிற்று. ஆனால் பையைப் பிரித்து வைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்று சாயங்காலம்தான் அது தெரிந்தது.

ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. அரிசி களைந்தாகிவிட்டது. ஸ்டவ்வுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தீப்பெட்டி.

"நீயே பத்த வையி" என்றாள் அம்மா.

"இல்லக்கா, நீங்க பத்த வைங்க."

"நான் சொல்றேன்ல, பத்த வையி. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"எனக்குந்தான் பயமில்ல. நீங்க வைங்க."

தீப்பெட்டி இந்தப் பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம் நகர்ந்தது. நம்புகிறேன் என்று காட்ட ஆளுக்கு ஆள் அவ்வளவு அவசரம். ஆனால் குச்சியை உரசப் போகும் கையை அடுத்தவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டால், எப்படி உரசும்? வெளியே சித்தப்பாவின் டெம்போ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "என்ன, இன்னைக்கு ஒல வைக்கலையா? பசிக்குது" என்று வாசலிலிருந்தே கேட்டார்.

அதுவரை என்னைத் தீப்பெட்டி தொட விட்டதில்லை. யாரையும் கேட்காமல் எடுத்தேன். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவது பிடித்துக்கொண்டது. முட்டி போட்டு, குனிந்து, திரி திரியாகத் தொட்டுக்கொண்டே போனேன். ஏறி வந்து எனக்காகக் காத்திருந்த எண்ணெய் ஒவ்வொரு திரியிலும் நீலமாகப் பற்றியது. நான் இன்னும் கொஞ்சம் குனிந்தபோது, பின்னாலிருந்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு கைகள் ஒரே நேரத்தில் வந்து என் பாவாடையை இறுக்கிப் பிடித்து, நெருப்புப் படாமல் இழுத்துக்கொண்டன.